ஈக்களுக்குச் சமைத்தவள்

"ஈக்குச் சமைச்சுப் போட ஒரு ஆளா? எனக்குச் சமைச்சுப் போடவே ஆள் இல்ல மேடம்!"

உயிரியல் கட்டடத்தின் இரண்டாவது மாடிப் படிக்கட்டில், மூச்சு வாங்கிக்கொண்டே பாலிசி இதைச் சொன்னார். ஐம்பது வயது. இருபது வருடம் ஆயுள் காப்பீடு விற்றவர். "நாளைக்கே நீங்க செத்துப்போயிட்டா..." என்று பேச்சை ஆரம்பித்தே பாதி ஊரைப் பகைத்துக்கொண்டவர். அந்தத் தொழில் படுத்துவிட்ட பிறகு கமாவிடம் உதவியாளராகச் சேர்ந்தார். பாலிசி என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

கமா என்பதும் பட்டப்பெயர்தான். பத்திரிகையில் பிழை திருத்திக்கொண்டிருந்த காலத்தில், ஒரே ஒரு கமாவுக்காக ஓடிக்கொண்டிருந்த அச்சு இயந்திரத்தை நிறுத்தச் சொன்ன பெண்மணி. இயந்திரம் நின்றது. மறுநாள் வேலையும் போயிற்று. அந்தப் பெயரையே பலகையில் எழுதித் துப்பறியும் நிலையம் ஆரம்பித்துவிட்டார்.

"மூச்சை மிச்சம் பிடிங்க பாலிசி. மேல போய்ப் பேச வேண்டியிருக்கு," என்றார் கமா.

பன்னிரண்டு நாட்களுக்கு முன் ஒரு பஸ் டிரைவர் அவர்களைத் தேடி வந்திருந்தார். சீருடையைக்கூட மாற்றாமல் வந்தவர், நாற்காலியில் உட்காரத் தயங்கினார். அவருடைய மகள் இந்தப் பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவ ஆராய்ச்சி மாணவி. பழ ஈக்களில் ஒரு மரபணுவை மாற்றினால் பத்தே நாளில் அவற்றின் கால்கள் வலுவிழந்துபோகின்றன என்று கண்டுபிடித்திருந்தாள். மனிதர்களின் கைகால் நடுக்க நோய்க்கு இது ஒரு திறவுகோலாகலாம் என்று துறைத்தலைவர் தன் பெயரையும் அவள் பெயரையும் போட்டுக் கட்டுரை வெளியிட்டார். கைதட்டல், பாராட்டு, பத்திரிகையில் படம்.

பிறகு வேறொரு ஆய்வுக்கூடம் அந்த ஈக்களை வாங்கி வளர்த்துப் பார்த்தது. அங்கே அவை குழாய்ச் சுவரில் ஜோராக ஏறின. விசாரணைக் குழு அவளுடைய நாற்பது குழாய்களையும் திறந்து பார்த்தது. அந்த ஈக்களும் ஜோராக ஏறின. 'மாணவி எண்களைக் கற்பனையாக எழுதியிருக்கிறார்' என்று முடிவு கட்டி வெளியே அனுப்பிவிட்டார்கள். பதினொரு மாதம் ஆகிறது. குழுவின் முன்னால் அவள் வாயே திறக்கவில்லை. வீட்டிலும் அப்படித்தான்.

"என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா," என்றார் டிரைவர். "'நான் எழுதின நம்பர் எல்லாம் நிஜம்ப்பா'ன்னு. அதுக்கப்புறம் பேச்சே இல்ல. நீங்க அவளைப் பேச வைக்க வேணாம். நிஜம்னு மட்டும் நிரூபிச்சுக் குடுங்க, போதும்."

அவர் கொண்டுவந்தது விசாரணை அறிக்கை. அதன் பின்னிணைப்பாக மகளின் ஆய்வுக் குறிப்பேட்டின் நகல், முப்பது பக்கம். ஒவ்வொரு வரியிலும் தேதி, எத்தனை ஈ ஏறியது, எத்தனை ஏறவில்லை. ஒவ்வொரு வரியின் இடது ஓரத்திலும் பேனாவால் வைத்த ஒரு புள்ளி. ஒரு பக்கத்தில் மட்டும் மூன்று வரிகள் குறுக்கே அடிக்கப்பட்டிருந்தன. அந்த மூன்று நாளும் ஈக்கள் நன்றாக ஏறியிருந்தன. 'பொருந்தாத தரவுகளை மாணவியே அடித்து மறைத்திருக்கிறார்' என்று அறிக்கை அதையும் ஒரு குற்றமாகச் சேர்த்திருந்தது.

கமா அந்த நகலை இரண்டு நாள் பார்த்துக்கொண்டேயிருந்தார். மூன்றாம் நாள் காலை பூதக்கண்ணாடியை பாலிசியிடம் நீட்டினார்.

"புள்ளி எல்லாம் ஒரே மாதிரி இருக்கா?"

"இல்ல மேடம். சிலது கரும் மை. சிலது... பேனா பட்டினி கிடந்த மாதிரி."

"ஒரே பக்கத்துல, ஒரே கையால, ஒரே நேரத்துல எழுதினது. எழுத்தெல்லாம் கறுப்பா விழுந்திருக்கு, புள்ளி மட்டும் எப்படி மங்கும்? கறுப்பு வெள்ளை நகல்ல எந்தக் கலர் மங்கும்?"

பாலிசி விழித்தார். "மஞ்சள்!"

"ரெண்டு கலர்ல புள்ளி வச்சிருக்கா. அந்த அடிச்ச மூணு வரியில மட்டும் அடர்த்தியான புள்ளி. முன்னாடி பின்னாடி எல்லாம் மங்கல். எதுக்குன்னு குழுவில ஒருத்தர்கூடக் கேக்கல."

பாலிசி அதே பக்கத்தின் வலது ஓரத்தை விரலால் தடவினார். "மேடம், இங்க நேரா ஒரு நிழல் தெரியுதே. பேப்பர் துண்டு வச்சு எதையோ மறைச்சு நகல் எடுத்தா இப்படித்தான் விழும். நான் எத்தனை வயசு சான்றிதழ் பாத்திருக்கேன்! அறுபது வயசை நாற்பத்தஞ்சாக்கறதுக்கு ஜனங்க இதே வேலைதான் பண்ணுவாங்க."

கமா அவரை முதல் தடவை பார்ப்பதுபோலப் பார்த்தார். "உங்களுக்கு நான் சம்பளம் குடுக்கறது வீண் போகல."

"குடுத்துட்டுச் சொல்லுங்க மேடம்."

அந்தப் புள்ளிகளைத் துரத்திக்கொண்டுதான் இப்போது மாடி ஏறிக்கொண்டிருந்தார்கள். ஈ வளர்க்கும் கூடத்தில் தனியாக ஒரு சமையல்காரி உண்டு என்று வாசல் காவலாளி சொல்லியிருந்தார்.

கூடத்துக்குள் ஈஸ்ட் புளித்த வாசனை. அலமாரி அலமாரியாகக் கண்ணாடிக் குழாய்கள், ஒவ்வொன்றின் வாயிலும் பஞ்சு. ஜன்னலோர மேசையில் தடித்த கண்ணாடி போட்ட ஒரு ஆராய்ச்சி மாணவன் குனிந்து எதையோ எண்ணிக்கொண்டிருந்தான்.

"இது அவ உக்காந்த இடம்தானே?" என்றார் கமா.

அவன் நிமிரவில்லை. "இப்போ என்னோடது."

"தப்பில்ல தம்பி. காலி இடம்னா யாராவது உக்காரத்தான் செய்வாங்க. ஈ ஏறுதா இல்லையான்னு எப்படிப் பாப்பீங்க, அதை மட்டும் காட்டுங்க."

அது அவனுக்குச் சுலபமான கேள்வி. ஒரு குழாயை எடுத்து மேசைமேல் டொக் டொக்கென்று தட்டினான். ஈக்கள் அடியில் கொட்டின. மறுகணமே சுவரைப் பிடித்துக்கொண்டு மேலே கிளம்பின.

"நல்ல ஈன்னா பத்து செகண்ட்ல உச்சிக்குப் போயிடும்."

"எங்க ஆபீஸ் ஈக்கு ரெண்டே செகண்ட்," என்றார் பாலிசி. "அதுங்களுக்கு டீ டம்ளர்தான் உச்சி."

கமா குழாயின் அடியைப் பார்த்தார். பழுப்பு நிறத்தில் கூழ் போல இறுகியிருந்தது ஈக்களின் சாப்பாடு.

"சாப்பாடு எப்பவும் இந்தக் கலர்தானா?"

"முன்னாடி ஈ அக்கா கலர் ஊத்துவாங்க. நீலம். சில சமயம் மஞ்சள். ஒரு வருஷமாத்தான் இல்ல." சொல்லிவிட்டுக் கதவைப் பார்த்தான். "நான் சொன்னதா சொல்லிடாதீங்க மேடம். எனக்கு இன்னும் ஆறு மாசம் பாக்கி இருக்கு."

ஈ அக்காவின் சமையலறை நடைபாதையின் கோடியில் இருந்தது. அரையாள் உயரப் பாத்திரம், மக்காச்சோள மாவு மூட்டை, சர்க்கரை, ஈஸ்ட் டப்பாக்கள், மூலையில் நீல மூடி போட்ட பூஞ்சை மருந்துப் பாட்டில்கள். நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி நீளக் கரண்டியால் துழாவிக்கொண்டிருந்தாள். கழுத்தில் இன்னும் அழுக்குப் படாத பச்சை நாடாவில் அடையாள அட்டை.

"இங்க ஆராய்ச்சி பண்ணின பொண்ணோட அப்பா, அந்த டிரைவர், எங்களை அனுப்பினார்," என்றார் கமா.

கரண்டி நின்றது.

"பாப்பா எப்படி இருக்கா? சாப்பிடறாளா? இங்க இருக்கும்போதே நேரத்துக்குச் சாப்பிட மாட்டா. 'முதல்ல ஈக்குப் போடுங்கக்கா, அப்புறம் எனக்கு'ம்பா." அவள் கண் கலங்கியது. அதில் பொய் இல்லை என்று கமாவுக்குத் தோன்றியது. அந்தக் கலக்கம் பின்னால் அவரை மிகவும் தொந்தரவு செய்தது.

"சாப்பாட்டுக்குக் கலர் எதுக்கும்மா?"

"எந்தப் பானை எதுன்னு தெரியறதுக்குத்தான். நீலம் எல்லாருக்கும். மஞ்சள் பாப்பாவோட ரேக்குக்கு மட்டும். அந்தப் பக்கச் சுவர் ஒழுகும். குழாய் பூரா பூஞ்சை பிடிச்சு, ஈயெல்லாம் செத்துச் செத்து விழுந்துச்சு. 'எதாவது பண்ணுங்கக்கா'ன்னு அழுதா. எனக்கு மனசு கேக்கல. பூஞ்சை மருந்தை ரெண்டு மூடி கூட ஊத்தி, அவளுக்குன்னு தனியாக் காய்ச்சினேன். மத்ததோட கலந்துடக் கூடாதில்ல, அதான் மஞ்சள்."

"அந்த ரேக்குக்கு எப்பவுமே மஞ்சள்தானா?"

"எப்பவுமே. நான் லீவு போட்ட அந்த மூணு நாள் தவிர. வந்த ஆளு நீலத்தையே எல்லாத்துக்கும் ஊத்திட்டுப் போயிட்டான்."

"மஞ்சளை எப்போ நிறுத்தினீங்க?"

"பாப்பாவே வந்து வேணாம்னா. சுவரைப் பூசிட்டாங்க, இனி சாதாரணச் சாப்பாடே போதும்னு. அதுக்கப்புறம் ஒரு மாசம்கூட ஆகல, விசாரணை வந்துடுச்சு."

"நீலத்தையும் நிறுத்திட்டீங்களே?"

"அது... ஆபீஸ்ல சொன்னாங்க." கரண்டி மறுபடி சுழல ஆரம்பித்தது, முன்னைவிட வேகமாக. "அடி பிடிச்சுடும்மா. அப்புறம் வாங்க."

படிக்கட்டில் இறங்கும்போதே பாலிசி குதித்தார். "முடிஞ்சுது மேடம்! மரபணுவும் இல்ல, ஒண்ணும் இல்ல. மருந்து ஓவரானதால ஈ கால் தளர்ந்து விழுந்திருக்கு. மருந்து போகாத மூணு நாள் நல்லா ஏறியிருக்கு. ஒப்பிட்டுப் பாக்கற சாதாரண ஈயெல்லாம் வேற அலமாரியில நீலம் சாப்பிட்டுச் சௌக்கியமா இருந்திருக்கு. பொண்ணு எழுதின நம்பர் அத்தனையும் நிஜம்!"

"இது அந்தப் பொண்ணுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் புள்ளி வச்சிருக்கா. அப்போ ஏன் சொல்லல?"

டிரைவரின் வீடு இரண்டே அறை. மகள் பின்னறையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். இருபத்தாறு வயது. சுவரோரம் அடுக்கியிருந்த புத்தகங்களின் முதுகெல்லாம் சுவரைப் பார்த்திருந்தன. தலைப்பு ஒன்றுகூடக் கண்ணில் படாதபடி திருப்பி வைத்திருந்தாள். டிரைவர் கதவருகே நின்றார்.

கமா சுற்றி வளைக்கவில்லை. "மஞ்சள், நீலம் ரெண்டும் என்னன்னு தெரிஞ்சுபோச்சு."

பெண் தலைநிமிர்ந்தாள். பதினொரு மாதத்தில் அவள் முகத்தில் அப்படியொரு பதற்றத்தைப் பார்த்ததில்லை என்று பிறகு அப்பா சொன்னார்.

"யார்கிட்டயாவது சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"சொல்லாதீங்க. அக்கா வேலை போயிடும். அவங்க பத்தொன்பது வருஷமா தற்காலிகம். பதினோரு மாசம் வேலை, ஒரு மாசம் வீட்டுல இருன்னு அனுப்பிடுவாங்க. மறுபடி கூப்பிடுவாங்களான்னு ஒவ்வொரு வருஷமும் பயந்துக்கிட்டே இருப்பாங்க. எனக்காகத்தானே போட்டாங்க? நான் அழுததாலதானே போட்டாங்க?"

"உனக்கு எப்போ தெரிஞ்சுது?"

"அந்த மூணு நாள் ஈ ஏறினப்போ சந்தேகம் வந்துச்சு. பழைய பக்கம் எல்லாம் புரட்டி, எந்த நாள் எந்தக் கலர்னு புள்ளி வச்சுப் பாத்தேன். கட்டுரை அனுப்பறதுக்கு முன்னாடியே துறைத்தலைவர்கிட்ட கொண்டுபோய்க் காட்டினேன். சிவப்புப் பேனாவை எடுத்து அந்த மூணு வரியையும் அவரே அடிச்சார். ஓரத்துல 'இதை விட்டுவிடு'ன்னு எழுதினார். 'வெளிய தெரிஞ்சா முதல்ல போறது அந்தச் சமையல்காரி, யோசிச்சுக்கோ'ன்னார்." சற்று நிறுத்தினாள். "நான் யோசிச்சேன். கட்டுரையில கையெழுத்துப் போட்டேன். அது என் தப்புதான். பொய்யா ஒரு நம்பரும் எழுதல. ஆனா போட்டேன்."

டிரைவர் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பக்கத்தோட அசல் எங்க இருக்கு?"

"அவர்கிட்ட. என் போன்ல படம் இருக்கு. ஆனா தர மாட்டேன். அக்காவுக்கு இது எதுவுமே தெரியாது மேடம். தன்னாலதான் இப்படி ஆச்சுன்னு தெரிஞ்சா அவங்க தாங்க மாட்டாங்க. அப்படியே விட்டுடுங்க."

கமா எழுந்துவிட்டார். தெருவுக்கு வந்ததும் பாலிசியிடம் கேட்டார்:

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நீங்க எந்த மூணு நாள் லீவு போட்டீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"என் கல்யாண நாளே ஞாபகம் இல்ல மேடம். அதனாலதான் வீட்டுல சமைச்சுப் போட ஆள் இல்ல."

"ஆனா ஈ அக்காவுக்கு ஞாபகம் இருக்கு. 'அந்த மூணு நாள்'ன்னாங்க. மூணு நாள்னு நாம வாயே திறக்கல. அந்த நாளுக்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தம் இருக்குன்னு தெரிஞ்சது இந்தப் பொண்ணுக்கும் துறைத்தலைவருக்கும் மட்டும்தான். பொண்ணு சொல்லல. அப்போ அந்த மூணு நாளைப் பத்தி அவங்ககிட்ட யார் விசாரிச்சிருப்பாங்க?"

பாலிசி நடப்பதை நிறுத்தினார்.

"இன்னொண்ணு. வாசல் காவலாளி கழுத்துல சாம்பல் நாடா. தற்காலிக ஆளுங்க எல்லாருக்கும் அதான். ஈ அக்கா கழுத்துல பச்சை. அட்டையில நியமன தேதியைப் படிச்சேன். விசாரணைக் குழு முதல் தடவை கூடினதுக்கு முந்தின நாள்."

மறுநாள் காலை எட்டு மணிக்கே சமையலறை வாசலில் இருந்தார்கள். ஈ அக்கா அப்போதுதான் அடுப்பைப் பற்றவைத்திருந்தாள். கமா அட்டையில் இருந்த நியமன தேதியை மட்டும் சொன்னார். வேறொன்றும் கேட்கவில்லை.

ஈ அக்கா அடுப்பை அணைத்தாள். மாவு மூட்டையின் வாயை இழுத்துக் கட்டினாள்.

"காட்டிக் குடுக்கணும்னு நான் போகல," என்றாள். "எனக்குப் படிப்பு இல்ல. ஆனா பத்தொன்பது வருஷமா இந்த ஈக்குச் சோறு போடறேன். மருந்து நிறுத்தினதும் ஈ ஏறுது, போட்டப்போ ஏறலன்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? விசாரணைன்னு கேள்விப்பட்டதும் நேரா துறைத்தலைவர் ரூமுக்குப் போனேன். 'நான்தான் சார் மருந்து கூடப் போட்டேன், பாப்பா மேல தப்பில்ல, என்னை அனுப்பிடுங்க'ன்னு சொல்லத்தான் போனேன். சொன்னேன். சத்தியமா சொன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"உக்காருங்கன்னார்." கரண்டியை எடுத்துத் துடைத்தாள். "அந்த ரூமை நான் பெருக்கியிருக்கேன், மேசை துடைச்சிருக்கேன். உக்காந்ததே இல்ல. உக்காருங்கன்னு மரியாதையா சொன்னார். வருகைப் பதிவேட்டை எடுத்து அந்த மூணு நாள் நீதான் லீவான்னு கேட்டார். ஆமான்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சார். 'அந்தப் பொண்ணு சின்ன வயசு, வேற எங்கயாவது போய்ப் படிச்சுக்கும். உனக்கு இதை விட்டா என்ன இருக்கு?'ன்னார். மறுநாளே ஆர்டர் வந்துடுச்சு. நிரந்தரம்னு போட்டு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. அதான் நான் பண்ணினது."

நடைபாதையில் யாரோ சிரித்துக்கொண்டு போனார்கள். பாலிசி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"அவ உங்களுக்காகத்தான் வாயை மூடிக்கிட்டு இருக்கா. உங்க வேலை போயிடக் கூடாதுன்னு," என்றார் கமா. "நீங்க அவரைப் போய்ப் பாத்ததே அவளுக்குத் தெரியாது."

ஈ அக்கா இதை எதிர்பார்க்கவில்லை. "அவளுக்கு எப்படி... மருந்துன்னு அவளுக்குத் தெரியுமா?"

"ரெண்டு வருஷமாத் தெரியும்."



அன்று சாயங்காலம் மறுபடியும் டிரைவர் வீடு. கமா எதையும் குறைக்காமலும் கூட்டாமலும் சொன்னார். பெண் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அவங்களாதான் முதல்ல போனாங்களா? யாரும் கூப்பிடாம?"

"அவங்களாத்தான். உனக்காகப் பேசத்தான் போயிருக்காங்க."

"அப்புறம் ஒரு வருஷம் என்னை ஒரு தடவைகூட வந்து பாக்கல." யோசித்து யோசித்துச் சொன்னாள். "என்னால அவங்களுக்கு வெக்கம்னு நினைச்சேன். நான் பொய்க்காரின்னு அவங்களும் நம்பிட்டாங்கன்னு நினைச்சு ரொம்ப அழுதேன் மேடம். அதுக்குத்தான் நான் அதிகமா அழுதது."

எழுந்து அலமாரியிலிருந்து போனை எடுத்தாள். சார்ஜ் இறங்கிச் செத்துக் கிடந்தது. வயரைச் செருகி, உயிர் வரும்வரை நால்வரும் அந்தக் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்ததும் படத்தைத் தேடி கமாவிடம் நீட்டினாள். மஞ்சள் புள்ளிகள், நடுவில் மூன்று நீலப் புள்ளிகள், அவற்றின் மேல் சிவப்புக் கோடு, ஓரத்தில் சிவப்பு எழுத்தில் 'இதை விட்டுவிடு', கீழே சுருக்கக் கையொப்பம், தேதி.

"இதைக் குடுத்தா முதல்ல அடி விழறது பெரியவருக்கு இல்ல," என்று எச்சரித்தார் கமா. "யாருக்குன்னு உனக்கே தெரியும்."

"தெரியும்."

"நாளைக்கு வரைக்கும் யோசிக்கறியா?"

"பதினொரு மாசம் யோசிச்சுட்டேன் மேடம். குடுங்க."

குழு மறுபடி கூடியது. ஒரு வாரத்தில் முடிவும் வந்தது. ஈ அக்காவை முதல் நாளே விசாரித்து, அன்று மாலையே வேலையிலிருந்து நீக்கினார்கள். அனுமதியில்லாமல் மருந்தின் அளவை மாற்றியது, உண்மையை மறைத்து நியமனம் பெற்றது என்று இரண்டு குற்றம். நியமனம் கொடுத்தது யார் என்று எங்கும் எழுதப்படவில்லை. துறைத்தலைவரின் செயலுக்குக் 'கவனக்குறைவு' என்று பெயர் வைத்தார்கள். உடல்நிலை காரணமாக அவர் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகி, அதே கட்டடத்தில், அதே மாடியில் ஆலோசகர் ஆனார்.

மாணவிக்கு ஒரு கடிதம் வந்தது. எண்களைக் கற்பனை செய்ததாகச் சொன்ன குற்றச்சாட்டு திரும்பப் பெறப்படுகிறது. குறையுள்ள கட்டுரை என்று தெரிந்தே கையெழுத்திட்டதால் பழைய பதிவு செல்லாது. விரும்பினால் புதிதாக விண்ணப்பிக்கலாம்.

டிரைவர் அதை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார். "புதிதாகன்னா?"

"முதல் வருஷத்துலேருந்துப்பா."

"ஆனா பொய் சொல்லலன்னு எழுதியிருக்காங்களே?"

"எழுதியிருக்காங்க."

அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அன்று டிப்போவில் ஒவ்வொருவரிடமும் அதைக் காட்டினாராம். இரண்டாவது வரிக்கு அப்புறம் யாரும் படிக்கவில்லையாம். அவரும் படிக்கச் சொல்லவில்லையாம்.

இதெல்லாம் நடந்து நான்காம் நாள் அந்தப் பெண் கமாவுக்குப் போன் செய்தாள். ஈ அக்காவைப் பார்க்க வேண்டும், தனியாகப் போக முடியவில்லை, கூட வருவீர்களா என்று கேட்டாள்.

மூன்றாவது மாடியில் சின்ன வீடு. பாலிசி கீழேயே நின்றுவிட்டார். கதவைத் திறந்த ஈ அக்கா, வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வேலை இல்லாத பெண்ணின் வீடு துடைத்துத் துடைத்து மின்னிக்கொண்டிருந்தது. இருவரும் வாசற்படிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றார்கள்.

"மெலிஞ்சுட்ட," என்றாள் ஈ அக்கா.

"நீங்களும்தான்க்கா."

"நான் பண்ணினது துரோகம்தான். இல்லன்னு சொல்லல." ஈ அக்கா தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, தனக்குள்ளேயே பல நாள் சொல்லிப் பார்த்த ஒன்றைச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள். "ஆனா இவ்வளவு நாள் பேசாம இருந்தியே பாப்பா. அப்படியே இருந்திருக்கக் கூடாதா? உனக்குப் புதுசா சேந்து படிக்க வயசு இருக்கு. நான் எங்க போய் முதல்லேருந்து ஆரம்பிப்பேன்?"

கமாவுக்குக் கோபம் வந்தது. பேச வாயெடுத்தார். பெண் அவர் கையைத் தொட்டு நிறுத்தினாள்.

"இருந்திருப்பேன்க்கா. கடைசி வரைக்கும் இருந்திருப்பேன். அவர்கிட்ட போயிட்டு வந்த அன்னிக்கு, என்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா. 'இப்படி ஆயிடுச்சு பாப்பா, நீ பேசாதே'ன்னு நீங்களே கேட்டிருந்தாக்கூட இருந்திருப்பேன்."

ஈ அக்கா கதவைச் சாத்தவில்லை. இவர்கள் படியிறங்கும்வரை அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

முதல் மாடித் திருப்பத்தில் பெண் நின்றாள். படியில் உட்கார்ந்தாள். அழவில்லை. கீழேயிருந்து பாலிசி அண்ணாந்து பார்த்தார்.

"என்னம்மா, சமாதானம் ஆச்சா?"

"இல்ல அங்கிள்," என்றாள். "கணக்குத் தீந்துச்சு. சமாதானம் ஆகல."

கமா அவளுக்கு மேல்படியில் உட்கார்ந்தார். விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி என்றைக்கு என்று கேட்க நினைத்தார், கேட்கவில்லை. மேல்மாடியில் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் அந்தப் பெண் எழுந்தாள்.